மணங்கில் விழுந்த கல்

“விளையாட்டோடு விளையாட்டாகப் பாடமும் படித்த மாதிரி ஆயிற்று” என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லித் திரிந்தவள்தான். சொன்னதோடு விட்டேனா, அதற்கு ஒரு பாட்டும் கட்டினேன். பிற்பாடு காலமெல்லாம் டீச்சராக இருந்தும், இடைவேளை மணி அடித்தபிறகு ஒரு பிள்ளையைக்கூட வகுப்பில் பிடித்துவைத்ததில்லை. ஹெட்மாஸ்டர்கள் முறைத்தார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும். அவர்கள் யாரும் பரீட்சை ஹாலில் என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை.

யுத்த காலம் அது. அருப்புக்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை ஒட்டின போர்டிங்கில் தங்கி எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வீடு திருச்சுழிக்கும் அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்குள். பருத்தியும் கம்பும் விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கிற குடும்பம். எட்டாம் வகுப்பு முடிவில் சர்க்கார் பரீட்சை உண்டு. தேறினால் டீச்சர் டிரெய்னிங்குக்குப் போகலாம். தேறாவிட்டால் பருத்திக் காடு இருக்கவே இருக்கிறது.

என் ஒருத்தியோடு போகிற விஷயமாக இருந்தால் நான் அத்தனை பதறியிருக்க மாட்டேன். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்ததே மூன்று வகுப்புகள்தான். மூன்றையும் முடித்துவிட்டு, அதற்கு மேல் வகுப்பு இல்லாததால், அதே மூன்றாம் வகுப்பில் மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டிருந்தாள் அவள். அவ்வளவு ஆசை. சோப்பு உறை, பஸ் டிக்கெட், கையில் எது கிடைத்தாலும் எழுத்துக்கூட்டுவாள். அவளையும் போர்டிங்கில் சேர்க்கலாமே என்று அம்மா கேட்டதற்கு அய்யா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “மூத்தது தேறி வரட்டும். வந்தாச் சின்னவளையும் அனுப்புறேன். இல்லேன்னா ரெண்டும் பருத்தி எடுக்கட்டும். ஒரே காரியத்துல ரெண்டு தடவ ஏமாற என்னால ஏலாது.”

லீவு முடிந்து நான் கிளம்பும்போதெல்லாம் தங்கச்சி மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வருவாள். “அக்கா, பெயிலாப் போயிராத. ஒனக்குப் புண்ணியமாப் போகும்” என்பாள். ஊருக்குப் போகிறவளுக்குச் சொல்கிற வாழ்த்தா அது? சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவேன்.

போர்டிங்கில் மண்ணெண்ணெய் ரேஷன். பொழுது சாய்ந்தால் புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான். ஆகவே பரீட்சை நெருங்கின மாதங்களில் சனிக்கிழமை பகல் முழுக்கப் படிப்பு. நீள ஹாலில் பாயை விரித்து எங்களை வரிசையாக உட்கார வைப்பார்கள். எங்களைப் பார்த்துக்கொண்ட டீச்சரம்மா, வாசலில் தொங்கின தண்டவாளத் துண்டில் கம்பியால் ஒரு தட்டுத் தட்டினால் படிக்க வேண்டும், இன்னொரு தட்டுத் தட்டினால் எழுந்து வெளியே போகலாம். வெளியே விடுகிற மணிக்கு டீச்சரம்மா வைத்த பெயர் இளைப்பாறுதல் மணி. நாங்கள் வைத்த பெயர் ஒண்ணுக்கு மணி. எந்தப் பெயர் நிலைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே பாயில் நாங்கள் மூன்று பேர். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்தவள் ஒருத்தி, பந்தல்குடிக்காரி ஒருத்தி, நான். போர்டிங்கில் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். படிக்கிற புத்தகம் மூவருக்கும் ஒன்று, மணி அடித்தால் மூவரும் மூன்று திசை.

ரெட்டியபட்டிக்காரி மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வாசிப்பாள். நேரத்தை வீணாக்கக் கூடாதாம். காலையில் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். சாயங்காலம் கேட்டால்தான் வேடிக்கை. ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில், “மனிதனுக்கு நுரையீரல்கள் இரண்டு. அவை தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று” என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். நாங்கள் சிரித்து உருண்டோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. “ரெண்டும் காத்துதானடி” என்றாள்.

பந்தல்குடிக்காரிக்கு மணி அடித்தால் காம்பவுண்டுச் சுவர்தான். வெளியே தூத்துக்குடி ரோடு. அவள் ஊருக்குப் போகிற பஸ் அங்கே வந்து நிற்கும். பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில்தான் ஓட்டினார்கள். நிறுத்தினால் கிளம்பாது. கிளீனர் பையன் துருத்தியைச் சுற்றிச் சுற்றி முகமெல்லாம் கரியாகி நிற்பான். அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பாள் இவள். பார்த்துவிட்டு வந்து நேராகப் புத்தகத்தை எடுத்துவிடுவாள். “கரிய வேடிக்க பாக்கிறதுக்கு ஒரு மணியா ஒனக்கு?” என்று நான் கேலி பண்ணுவேன். “ஆமா, நீ கல்லப் பொறுக்கு” என்பாள்.

நான் பொறுக்கினது சொட்டாங்கல். உருண்டையாக ஐந்து கூழாங்கல், எப்போதும் தாவணி முடிச்சில் இருக்கும். ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருமுன் தரையில் கிடப்பதை அள்ளிக்கொண்டு எறிந்ததையும் பிடிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் ஒவ்வொன்றாக அள்ளணும், அடுத்ததில் இரண்டிரண்டாக, அப்புறம் மூன்று, அப்புறம் நான்கையும் ஒரே வாரலாக, கடைசியில் ஐந்தையும் புறங்கையில் ஏந்தணும். வீட்டுக்குள் கல்லாடினால் மழை வராது என்று எங்கள் ஊரில் திட்டுவார்கள். வானம் பார்த்த பூமியில் தும்மினாலும் மழையைத்தான் சொல்வார்கள். போர்டிங்கில் திட்ட ஆளில்லை. ஆட்டத்துக்கு ஒரு பாட்டு வைத்திருந்தேன்.

“ஒத்த எலி ஓலப் பொட்டி, ரெட்ட எலி ரெங்குப் பொட்டி, மூணு எலி முறுக்குச் சட்டி, நாலு எலி நார்ப் பொட்டி, அஞ்சு எலி ஆட்டுக் குட்டி.”

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது, எலிக்கும் தெரியாது. என் கை சின்னது. நாலாவது ஆட்டத்தில் நான்கையும் வாரும்போது எறிந்த கல் நழுவி விழுந்துவிடும். அடச்சே என்று விட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். மணி அடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தால் தலை கழுவிவிட்ட பலகை மாதிரி சுத்தமாக இருக்கும். வாசித்தது அப்படியே பதியும். அப்போது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சும்மா இருந்திருப்பேனே.

அரைப்பரீட்சையில் கணக்கில் கவிழ்ந்தேன். எடைக் கணக்கு. தோலா, பலம், சேர், வீசை, மணங்கு, கண்டி என்று சின்னதிலிருந்து பெரிதுவரை ஏணி மாதிரி போகும் அந்தக் காலத்து எடைகள். எது எத்தனை சேர்ந்தால் எது என்று எனக்கு நிற்கவே இல்லை. தங்கச்சி வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தது கண்ணுக்குள் ஓடிற்று. மூளை கெட்டவளே, மணிக்கு மணி கல்லை எறிந்துகொண்டிருக்கிறாயே, அந்த நேரமும் படிப்பாக ஆனால் என்ன என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்தக் கோபத்தில்தான் அந்த யோசனை வந்தது. எலியைத் தூக்கி எறிந்துவிட்டு எடையைப் பாட்டில் வைத்தேன்.

“பலத்துக்குத் தோலா மூணு, பானைக்குள்ள தேனு. சேருக்குப் பலம் எட்டு, செல்லக் கையத் தட்டு. வீசைக்குச் சேரு அஞ்சு, வெடிச்ச பருத்திப் பஞ்சு. மணங்குக்கு வீசை எட்டு, மாட்டு வண்டி கட்டு. கண்டிக்கு மணங்கு இருபது, களத்துல கொண்டாந்து தருவது.”

ஐந்து ஆட்டத்துக்கு ஐந்து வரி. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்திவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போர்டிங் முழுக்கப் பரவிற்று. டீச்சரம்மா கேட்டுவிட்டு, “இதுதான் புத்தி. வெளையாட்டோட வெளையாட்டாப் பாடமும் ஆச்சு பாருங்க” என்று எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார். அதோடு நில்லாமல் நதிகளுக்கு ஒன்று, எலும்புகளுக்கு ஒன்று கட்டச் சொன்னார். கட்டினேன். லீவுக்குப் போனபோது தங்கச்சிக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவள் பாடுகிற பாட்டில் எங்கள் வீட்டுக் கோழிகூட மணங்கு கண்டி கற்றுக்கொண்டிருக்கும்.

பந்தல்குடிக்காரி ஒருத்திதான் சேரவில்லை. “வாடி, ஆடிக்கிட்டே படிக்கலாம்” என்று இழுத்தேன். “படிக்கிறதுன்னாப் படிக்கிறேன், ஆடுறதுன்னா ஆடுறேன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பிசையாத. நான் பஸ்ஸப் பாக்கப் போறேன்” என்று போயேவிட்டாள். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் ஒவ்வொருத்தியாகக் கல்லை விட்டார்கள். மணி அடித்து வெளியே வந்தாலும் பாடம்தான் என்றால் எவள் வெளியே வருவாள்? நான் மட்டும் விடாமல் ஆடினேன். ஆடிவிட்டுத் திரும்பி வந்தால் முன்னே இருந்த அந்தத் தெளிச்சல் இல்லை. படிப்பில் அசதி, ஆட்டத்திலும் அசதி. கல் விழுந்தால் முன்பெல்லாம் சிரிப்பு வரும், இப்போது அழுகை வந்தது. பரீட்சை நெருங்குகிற பயம் என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

பரீட்சை அதே தூத்துக்குடி ரோட்டில் இருந்த பையன்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. கணக்குப் பேப்பர் வந்தது. முதல் பெரிய கணக்கே எடைதான். இத்தனை மணங்கு, இத்தனை வீசை பருத்தி, அதைப் பலமாக்கு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பேனாவை எடுத்தேன். மனசுக்குள் பாடினேன். பலத்துக்குத் தோலா மூணு. சரி. சேருக்குப் பலம் எட்டு. சரி. வீசைக்குச் சேரு அஞ்சு. சரி. மணங்குக்கு வீசை, அடச்சே.

மறுபடி பாடினேன். மணங்குக்கு வீசை, அடச்சே.

அப்போதுதான் புரிந்தது. அந்த நாலாவது ஆட்டத்தில்தான் என் கல் எப்போதும் விழும். விழுந்ததும் அடச்சே என்று விட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஆக, மாதக்கணக்காக நான் உருப்போட்டது மணங்குக்கு வீசை அடச்சே என்றுதான். வாய் பாட்டை முடித்ததே இல்லை. பாட்டைக் கட்டினவளுக்கே அதன் கடைசி தெரியவில்லை. எட்டா, அஞ்சா, இருபதா? பேப்பரில் அடச்சே என்று எழுதினால் மார்க் போடுவார்களா?

கல்லைத் தொட்டால் வருமோ என்று கை தானாகத் தாவணி முடிச்சுக்குப் போயிற்று. அதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு.

“முடிச்சுல என்னம்மா?” என்றார்.

“கல்லு, சார்.”

“அவுரு.”

அவிழ்த்தேன். ஐந்தையும் உள்ளங்கையில் வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். விடை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேனாம்.

“எங்க எழுதியிருக்க?”

“கல்லுல யாரு சார் எழுதுவா?”

பின்னால் பந்தல்குடிக்காரி களுக்கென்று சிரிக்கிறது கேட்டது. அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டாள்.

“பின்ன எதுக்கு இது?”

“வெளையாட.”

“பரீச்ச ஹால்லயா?”

வெளியே போ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. நான் பருத்தி எடுக்கலாம், அதில் எனக்கொன்றும் கேவலமில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பை மூன்றாவது தடவையாகப் படிக்கப் போகிறவளிடம் என்னவென்று சொல்வேன்? கல்லால் பெயிலானேன் என்றா? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு ஐந்தையும் தன் மேஜையில் இருந்த காகிதக் கட்டின்மேல், பறக்காமல் இருக்க வைக்கிற மாதிரி வைத்தார்.

“வேர்த்து ஊத்துது ஒனக்கு. போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்து எழுது” என்றார்.

பானை முற்றத்து மூலையில் இருந்தது. பக்கத்தில் ஓர் அம்மாள் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். தண்ணீரை வாங்கிக் குடிக்கும்போது கேட்டுக்கு வெளியே பந்தல்குடி பஸ் நின்றது தெரிந்தது. நின்றதென்ன, படுத்திருந்தது. கிளீனர் துருத்தியைச் சுற்றுகிறான், சுற்றுகிறான், கரி பிடிக்கவே இல்லை. வெள்ளை வெளேரென்று வேட்டி கட்டின ஒரு ஆள் அடுப்புக்குப் பின்னால் நின்று அவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். பூக்கென்று ஒரு புகை கிளம்பி அவர்மேல் அப்பிற்று. வேட்டி போன போக்கைப் பார்க்கணுமே. கண்டக்டர், “எறங்கித் தள்ளுங்கய்யா. எறங்குனாத்தான் ஏறலாம்” என்று தொண்டை கிழியக் கத்தினார். அசல் எங்கள் அய்யாவின் தொண்டை. பானை அம்மாளும் நானும் சேர்ந்து சிரித்தோம். செம்பிலிருந்த தண்ணீர் என் தாவணியில் பாதி சிந்திற்று. மணங்கு, வீசை, பரீட்சை ஒன்றும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இல்லை. பந்தல்குடிக்காரி ஏன் சுவரை விட்டு நகரமாட்டாள் என்பது மட்டும் நன்றாக விளங்கிற்று.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். நான் தேடவே இல்லை. அய்யாவின் தொண்டை காதுக்குள் கேட்டது. வருஷா வருஷம் எங்கள் களத்தில் பருத்தி வாங்க வரும் தரகரிடம் போடுகிற அதே சத்தம்: “மணங்குக்கு எட்டு வீசைதானய்யா? ஒம்பது வீசைன்னு நிறுக்கிறது எந்த ஊருக் கணக்கு?” சின்னப் பிள்ளையிலிருந்து பருத்திப் பொதிமேல் உட்கார்ந்து அந்தச் சண்டையைக் கேட்டு வளர்ந்தவள் நான். எட்டு. எனக்கு அது எப்போதோ தெரியும். பாட்டைக் கட்டி, அதைப் பாட்டுக்கு அடியில் போட்டுப் புதைத்தது நானேதான்.

மளமளவென்று எழுதினேன். மணி அடித்துப் பேப்பரைக் கொடுக்கும்போது சூப்பர்வைசர் கல்லைத் திருப்பிக் கொடுத்தார். “அஞ்சும் சரியா இருக்கா, பாத்துக்கம்மா” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதை வருகிறது.

மூன்று பேருமே தேறினோம். ரெட்டியபட்டிக்காரிக்குத்தான் எங்களில் அதிக மார்க். ஓய்வே எடுக்காதவளுக்கு எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, கழுதைக்கு அப்படி ஒரு உடம்பு. ஆனால் கடைசிப் பரீட்சை முடிந்து பஸ்ஸில் ஏறினவள் தூங்கிப்போய், தன் ஊரைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கி, அழுதுகொண்டே நடந்து வந்தாளாம். பந்தல்குடிக்காரி எனக்குக் கொஞ்சம் மேலே. நான் கணக்கில் நூலிழையில் தப்பினேன்.

சேதி வந்தபோது அய்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சியைப் பார்த்து, “சின்னவளே, ஒனக்கு ஒரு ரெங்குப் பொட்டி வாங்கணும்லா” என்றார். போர்டிங்குக்குப் போகிறவர்கள் துணிமணி வைத்துக்கொள்கிற தகர டிரங்குப் பெட்டி அது. அவள் தெருவெல்லாம் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அம்மா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதாள். நானும் அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன.

பள்ளிக்கூடம் திறந்ததும் அவளைப் போர்டிங்கில் விட்டுவிட்டு, அங்கிருந்தே டிரெய்னிங்குக்குப் புறப்பட்டேன். கிளம்பும்முன் ஐந்து கல்லையும் அவள் கையில் கொடுத்தேன். “மணங்குக்கு வீசை பாட்டுத்தானே?” என்று ஆரம்பித்தாள். “அது வேண்டாம். எலிப் பாட்டுப் பாடு” என்றேன்.

“அதுல ஒரு பாடமும் இல்லையே.”

“இல்லாட்டிப் போகுது.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தேறிவிட்ட தலைக்கனம் என்று நினைத்திருப்பாள்.

காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே பஸ் நின்றது. என்னோடு டிரெய்னிங்குக்கு வருகிற பந்தல்குடிக்காரி அவள் ஊரில் ஏறுவாள். பெட்டியை மேலே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கிளீனர் துருத்தியைச் சுற்ற ஆரம்பித்தான். உள்ளே தண்டவாள மணி அடித்தது. ஒண்ணுக்கு மணி. பிள்ளைகள் திபுதிபுவென்று ஓடி வந்தார்கள், அவர்களோடு தங்கச்சியும். முதல் நாளே இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்திருந்தாள். சுவர் ஓரமாக உட்கார்ந்து கல்லைப் பரப்பினாள். ஒத்த எலி, ரெட்ட எலி. சத்தம் ரோடுவரை கேட்டது. நாலாவதில் கல் விழுந்தது. எங்கள் வீட்டுக் கை, எல்லாம் ஒரே அளவு. மூன்று பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அந்தக் கரி பஸ்ஸை எத்தனை தடவை சபித்திருப்பேன். அன்றைக்குத்தான், இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்காமல் இருக்கட்டும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டேன். உடனே பிடித்துக்கொண்டது.